ஆம்பூருக்கு ஒருத்தி, அசாமுக்கு ஒருத்தி

பிள்ளைகளைப் பரிமாறிக்கொள்ளும் வேலை, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வேலையைவிடப் பேஜாரானது. கல்யாணத்தில் ஏதாவது தப்பாகப் போனால் திட்டுவதற்குத் தரகர் என்று ஒருத்தர் இருப்பார், இதில் அந்தத் தரகரே நான்தான்.

பாடம் நடத்தத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று நம்பிக் கல்லூரி வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் என் கஷ்டம் புரியும். என்றைக்காவது ஒரு நாள் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஒன்று பல்லி மாதிரி தலையில் வந்து விழும். சிலருக்கு விளையாட்டு விழா, சிலருக்கு கேன்டீன் கமிட்டி. ஆம்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டு, வேலூரிலிருந்து தினம் பஸ்ஸில் போய் வந்துகொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்த எனக்கு விழுந்தது மாணவியர் பரிமாற்றம்.

விஷயம் இதுதான். ஜனவரியில் எங்கள் பெண்கள் ஐந்து பேர் அசாமில் ஜோர்ஹாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கல்லூரிக்குப் போவார்கள். அங்கிருந்து ஐந்து பேர் இங்கே வருவார்கள். ஒரு செமஸ்டர் படித்து, பரீட்சை எழுதி, ஏப்ரல் கடைசியில் அவரவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். எங்களுக்கு ஹாஸ்டல் வசதி கம்மி. அதனால் வீட்டுக்கு வீடு என்று ஒரு ஏற்பாடு. எந்தப் பெண் போகிறாளோ, அவளுடைய ஜோடி அவள் வீட்டிலேயே வந்து தங்குவாள். அவள் கட்டிலில் படுப்பாள், அவள் தட்டில் சாப்பிடுவாள். போகிறவளும் வருகிறவளும் ஒருத்தரை ஒருத்தர் போனில் பார்த்துக்கொள்வதோடு சரி. நேரில் பார்க்கவே மாட்டார்கள்.

செருப்பைப் பார்த்த மனிதர்

கௌசல்யாவை அனுப்பலாமா என்று பேச அவள் அப்பா முனிரத்தினம் கல்லூரிக்கு வந்திருந்தார். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன், இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். அரை நாள் லீவு போட்டுவிட்டு யூனிபார்ம் சட்டையோடேயே வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஒரே பெண், மூணு நாள் ரயில் பயணம், தெரியாத பாஷை என்று அவர் பயப்படப் போகிறார் என்று நினைத்து, நானே எல்லாவற்றுக்கும் முன்கூட்டிப் பதில் சொல்லிக்கொண்டு போனேன். அங்கேயும் சோறுதான், குளிருக்குக் கம்பளி தருவார்கள், லேடீஸ் ஸ்டாஃப் கூடவே போகிறார். மனிதர் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! புடவையை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டு, “கேக்கறீங்களா இல்லியா?” என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் வெட்கப்பட்டு எழுந்து நின்றுவிட்டார். பிறகு சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க மிஸ், தொழில் புத்தி. உங்க லெஃப்ட் செருப்பு ஒரு தோல்லயும் ரைட்டு வேற தோல்லயும் வெட்டுனது. எவனோ அவசரத்துல ஜோடி போட்டுட்டான். எம் பொண்ணுக்கு மட்டும் பாத்து ஜோடி போடுங்க மிஸ்.”

எந்த வாசனை?

பார்த்துத்தான் போட்டேன். கௌசல்யாவுக்கு ஜோடியாக வந்தவள் ஜொனாலி. ஒல்லியான பெண், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். தெருவில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லை. இரண்டே நாளில் ஜானகி ஆக்கிவிட்டார்கள். கௌசல்யாவின் அம்மா செல்வியும் ஷூ கம்பெனிதான், தையல் செக்‌ஷன். அவளும் அவள் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமை தெருக்குழாயடியில் உட்கார்ந்து ஜொனாலிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார்கள். பலன், ஒரு மாதத்தில் அந்தப் பெண் என் வகுப்பில் எழுந்து நின்று, “மிஸ், இன்னிக்கு ஜாஸ்தி நடத்தாதீங்க, தலை பேஜாரா இருக்குது” என்றாள். வகுப்பே சிரித்து உருண்டது. நானும்தான்.

வந்த முதல் வாரம் ஒரு சந்தேகத்தோடு என்னிடம் வந்தாள். அப்போது தமிழ் வராது, இங்கிலீஷில் கேட்டாள். சாயங்காலம் காற்றடித்தால் ஒரு வாசனை வருகிறதே, அது என்ன, உடம்புக்கு ஆகுமா? தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து வருவதுதான். நானே பஸ்ஸில் அந்த இடம் தாண்டும்போது முந்தானையால் மூக்கை மூடுகிறவள். சரி, வீட்டுக்காரர்களிடம் பேசி அந்தப் பக்கத்து ஜன்னலையாவது சாத்தி வைக்கச் சொல்லலாம் என்று போனேன். செல்வி நிஜமாகவே மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். வாசலுக்குப் போய் அங்கேயும் உறிஞ்சினாள். திரும்பி வந்து, பாவம், கவலையோடு கேட்டாள்: “எந்த வாசன மிஸ்? எங்களுக்கு ஒண்ணும் வரலியே!”

ஏழு மணி போன்

தினம் சாயங்காலம் ஏழு மணிக்குக் கௌசல்யா அசாமிலிருந்து போன் செய்வாள். ஷிஃப்டு முடிந்து அப்பா, அவள் பேச்சில் நயினா, வீட்டுக்கு வந்து முகம் கழுவியிருக்கும் நேரம். மார்ச் ஆரம்பத்தில் முனிரத்தினத்துக்கு இருமல் நிற்கவில்லை. கம்பெனி டாக்டரிடம் காட்டி, அவர் வேலூருக்கு எழுதிக் கொடுத்து, அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் புற்று. முற்றிப் போயிருந்தது. இனிமேல் வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செல்வி இதை என்னிடம் சொல்லவே கல்லூரிக்கு வந்தாள். அழுது முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். கௌசிக்குத் தெரியக் கூடாது.

நம் ஊரில் இது புதுசு இல்லை. பிள்ளைக்குப் பரீட்சை என்றால் வீட்டில் ஆஸ்பத்திரி, கடன், சாவு எல்லாமே மறைக்க வேண்டிய விஷயங்கள். என் அண்ணன் பரீட்சை எழுதும்போது எங்கள் வீட்டிலும் ஒன்றை மறைத்தார்கள். அதனால் எனக்கு அது தப்பாகவே படவில்லை. ஆனாலும் நேரில் ஒரு வார்த்தை கேட்போம் என்று முனிரத்தினத்தைப் பார்க்கப் போனேன். ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. செல்வி அவரை நிமிர்த்தி உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். ஜொனாலி வெந்நீர் கொடுத்தாள், இருமல் அடங்க. போன் அடித்ததும் அந்த மனிதர் எங்கிருந்தோ ஒரு குரலை எடுத்துக்கொண்டு வந்தார். “இன்னாடா கண்ணு, துன்னியா?” என்று ஆரம்பித்து நாலு நிமிஷம் பேசினார். கம்பெனியில் புது மிஷின் வந்திருக்கிறதாம், புது சூப்பர்வைசர் சிடுமூஞ்சியாம். எல்லாம் கற்பனை. வீடியோவில் வரச் சொன்னவளிடம் நெட் கம்மி என்றார். போனை வைத்ததும் அப்படியே சரிந்துவிட்டார்.

மூச்சு வந்த பிறகு, அவளுக்குச் சொல்லிவிடலாமே என்று மெதுவாகக் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “அவ எங்க வம்சத்துலயே மொத மொதல்ல ஊரத் தாண்டிப் போன பொண்ணு மிஸ். இப்ப பாதியில வந்துட்டா மறுபடி யாரு அனுப்புவா? பரீட்சை முடிஞ்சி வரட்டும், அதுவரிக்கும் நான் தாங்குவேன்.”

நான் சொன்னது

வெளியே வரும்போது வாசலில் ஜொனாலியை நிறுத்தி, நீயும் கௌசல்யாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சொன்னேன். அவர்கள் இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் ராப்பகலாக மெசேஜ் அனுப்பிக்கொள்கிறவர்கள். “அவ நயினா இல்லியா மிஸ்?” என்றாள். இதெல்லாம் உனக்குப் புரியாது, இங்கே இப்படித்தான் என்றேன். சரி என்று தலையாட்டினாள். எங்கள் ஊர் வழக்கத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு ஒரு நினைப்பு வேறு.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை மத்தியானம் கௌசல்யா எனக்கே போன் செய்தாள். அவளுக்குப் பரீட்சை தொடங்கியிருந்தது. “மிஸ், நயினா குரல் வேற மாதிரி இருக்குது. அம்மாவ கேட்டா சளின்றாங்க. ஜானு இன்னா கேட்டாலும் பேச்ச மாத்தறா. உங்கள கேக்கறேன். நயினா நல்லா இருக்காரா?” அப்போது நான் ஸ்டாஃப் ரூமில் இருந்தேன். எதிரில் யாரும் இல்லை. உண்மையைச் சொல்ல ஒரு தடையும் இல்லை, என் வாயைத் தவிர. நல்லா இருக்கார்மா, முந்தாநாள் கூடப் பார்த்தேன், கிண்டல் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று சொன்னேன். முந்தாநாள் பார்த்தது மட்டும் நிஜம். நான் இருந்தவரை மருந்து மயக்கத்தில் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

நான் சொன்னதைக் கேட்டு அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. பிறகு சிரித்தாள். “நீங்க பாத்தீங்கன்னா சரி மிஸ். வீட்ல சொன்னா நம்ப மாட்டேன், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க.”

வாய்க்கரிசி

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு வந்த வாரமும் தாண்டி, திங்கட்கிழமை காலையில் முனிரத்தினம் போய்விட்டார். கணக்குப் போட வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் போட்டுவிட்டேன். புதன்கிழமை நான் உண்மையைச் சொல்லியிருந்தால் வியாழக்கிழமை ரயில் ஏறியிருப்பாள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்திருப்பாள். ஒரு வாரத்துக்கு மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். செல்வியிடம் இப்போதாவது சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். “இன்னும் ரெண்டு பரீட்சதான் மிஸ் இருக்குது. அவரு அதுக்குத்தான் வாய மூடிக்கினு கெடந்தாரு” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதற்கு மேல் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

மத்தியானம் எடுக்கிற நேரத்தில், பெற்ற பெண் வாய்க்கரிசி போடாமல் எப்படி என்று பெண்கள் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. கொள்ளி வைக்க அவருடைய அண்ணன் மகன் இருந்தான். அரிசி போட மகள் இல்லை. செல்வி எழுந்து, ஓரமாக நின்றுகொண்டிருந்த ஜொனாலியின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். “நீ போடு ஜானகி.” அந்தப் பெண்ணுக்கு அது என்ன சடங்கென்றே தெரியாது. முன்னால் போனவர்கள் செய்ததைப் பார்த்து, கையில் அரிசியை வாங்கி மூன்று தடவை போட்டாள். மூன்றாவது தடவை அரிசி தவறி அவர் கழுத்தில் விழுந்தது. அதை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி வாயில் போட்டாள். பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அழுதோம்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. செல்வி எடுக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் அந்தப் போனையே பார்க்கிறார்கள். ஜொனாலி அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். மறுநாள் அவளுக்கும் பரீட்சைதான். கௌசல்யாவின் பரீட்சையைக் காப்பாற்ற இத்தனை பேர் இருந்தோம், இந்தப் பெண்ணுக்கும் பரீட்சை இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சுத்தமான ஆம்பூர்த் தமிழில் சொன்னாள்: “நயினா இன்னும் வர்ல கௌசி. இன்னிக்கு ஓவர்டைம்.”

காட்பாடி

முனிரத்தினத்துக்கு இன்னும் சில நாள் ஓவர்டைம் கொடுத்தோம். பரீட்சை முடிந்து ஐந்து பெண்களும் ரயில் ஏறினார்கள். வழியில் சிக்னல் கிடைக்கவில்லை என்பது எங்களுக்குச் சௌகரியமாகப் போயிற்று. காட்பாடி ஸ்டேஷனுக்கு யார் போவது? செல்வியால் எழுந்து வர முடியாது. நான் போகிறேன் என்றேன். தைரியம் இருந்து சொல்லவில்லை. நான் போகாவிட்டால் அதற்கப்புறம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியாது.

வண்டி வந்து நின்றது. மற்ற நாலு பெண்களின் வீட்டார் கும்பலாக ஓடிப்போய் பெட்டியை வாங்கினார்கள், கட்டிப்பிடித்தார்கள், இளைத்துப் போய்விட்டாயே என்றார்கள். கௌசல்யா கடைசியில் இறங்கினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். நான் வீட்டில் பேசிப் பார்த்து வைத்திருந்த முதல் வாக்கியத்தைத் தொடங்கக்கூட இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் கேட்டாள்: “எத்தினி நாளு ஆச்சு மிஸ்?”

எதிரும் புதிரும்

ஜொனாலியோடு வந்தவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டு, கருமாதி வரைக்கும் இருக்கிறேன் என்று இருந்துவிட்டாள். இந்தத் திட்டத்தில் போனவளும் வந்தவளும் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. கருமாதி முடிந்த அன்று சாயங்காலம் நான் போனபோது இரண்டு பேரும் அந்த ஒற்றைக் கட்டிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். கௌசல்யா அங்கே கற்றுக்கொண்ட அரைகுறை அசாமியில் கேட்கிறாள். ஜொனாலி தமிழில் பதில் சொல்கிறாள். தேதி தேதியாகச் சொன்னாள். எந்த நாளில் இட்லி இறங்கியது, எந்த நாளிலிருந்து கஞ்சி மட்டும், எப்போது எழுந்து உட்கார முடியவில்லை, கடைசி ஞாயிற்றுக்கிழமை இவள் அவருக்குத் தலைவாரிவிட்டபோது, ‘கௌசி இப்பிடித்தான் வாருவா’ என்று சொன்னது. பெற்ற அப்பாவின் கடைசி நாட்களை ஒரு மகள் இன்னொரு ஊர்ப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைப் பார்க்கிற தண்டனையை எனக்கு யாரும் தரவில்லை. நானே ஏற்பாடு செய்துகொண்டதுதான்.

எல்லாம் கேட்டு முடித்ததும் கௌசல்யா தமிழுக்கு மாறினாள். “உனக்கு மொதல்லருந்தே தெரியும் இல்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல ஜானு?” ஜொனாலி என்னைப் பார்த்தாள். “மிஸ் சொல்லாதன்னாங்க” என்றாள், குற்றம் சாட்டுகிற மாதிரிகூட இல்லை, கேட்டதற்குப் பதிலாக. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

எனக்குக் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. உங்கப்பாதான்மா கேட்டுக்கிட்டார், அவர் ஆசைப்படிதான் நடந்துக்கிட்டேன், நீ திரும்பி வந்துட்டா மறுபடி போக முடியாதுன்னு பயந்தார் என்று என்னென்னவோ சொன்னேன். கௌசல்யா கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரலில் சொன்னாள்: “நயினா கேட்டாரு, அவருக்கு செஞ்சீங்க. நானும் உங்களத்தான மிஸ் கேட்டேன்?”

மார்க் ஷீட்

கௌசல்யா எல்லாப் பாடத்திலும் பாஸ். ஐந்து பேரில் அவள்தான் முதல். அந்தக் கடைசி இரண்டு பரீட்சையிலும் நல்ல மார்க். அப்பா நினைத்தது நடந்துவிட்டது என்று சொல்லி நானே என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். மார்க் ஷீட்டை வாங்கிக்கொள்ள வந்தவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், திறந்து பார்க்கவில்லை. பரிமாற்றத் திட்டம் பற்றி ஜூனியர் பெண்களிடம் நாலு வார்த்தை பேச முடியுமா என்று பிரின்சிபால் கேட்கச் சொல்லியிருந்தார். கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவளே அறிவிப்புப் பலகையில் அடுத்த பரிமாற்றத்துக்கான நோட்டீஸைப் பார்த்துவிட்டு, “பேசறேன் மிஸ், நல்ல ஊருதான், நல்ல ஜனங்கதான், எல்லாரையும் போகச் சொல்வேன்” என்றாள். கதவுவரை போனவள் திரும்பி நின்றாள். “ஆனா போறதுக்கு முன்ன, எங்ககிட்டயும் ஒரு வார்த்த கேளுங்க மிஸ்.”

கேட்டேன்: ‘வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆனால் உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?’ என்று இந்த வருஷம் விண்ணப்பத்தில் நானே ஒரு கேள்வியைச் சேர்த்தேன். போகிற பெண்கள் அத்தனை பேரும் ‘ஆம்’ என்று எழுதியிருக்கிறார்கள், அதே தாளில் கீழே பெற்றவர்கள் அத்தனை பேரும் ‘வேண்டாம், பரீட்சை முடியட்டும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.